ஒரு சமிக்கி கனம்

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் புஷ்ரா நீட்டி முழக்க மாட்டாள். "நிறுத்தினா தெரியும்" என்பாள். அவ்வளவுதான். கேட்டவர் பெரிதாகப் புரிந்தமாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு மண்ணும் புரிந்திருக்காது. புரிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் உட்கார்ந்து எழுத வேண்டிய அவசியமே இல்லை.

புஷ்ராவுக்கு முப்பத்தேழு வயது. திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில், மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. புருஷன் அமீன், ரங்கநாதன் தெருவில் செல்போன் கவர் விற்கிறான். பகலெல்லாம் புஷ்ராவுக்கு ஆரி வேலை. பாண்டி பஜார் பக்கம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிற தையல் யூனிட்டில், கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகையும் மணியும் சமிக்கியும் வைத்துத் தைப்பார்கள். சமிக்கி தெரியுமில்லையா, வெளிச்சம் பட்டால் மினுங்குகிற அந்தப் பொடி வட்டத் தகடு, அதுதான். பட்டுத் துணியை ஒரு மரச் சட்டத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, மேலே ஒரு கை ஊசியைப் பிடிக்க, கீழே இன்னொரு கை நூலைக் கொடுக்கும். கீழே இருக்கிற கையை யாரும் பார்க்கப் போவதில்லை. அது நூலைக் கொடுக்காவிட்டால் மேலே ஊசி சும்மா குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முகூர்த்த நாள் வந்துவிட்டால் மாலையில் அவள் வேறு ஆள். முருகையன் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் புஷ்ரா. முழுக்கை சுடிதார், தலையில் இறுக்கிச் சுற்றிய துப்பட்டா, தோளில் அவளே ஜரிகை வேலை செய்த பட்டை, அதில் தொங்குகிற கறுப்பு கிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் முதலில் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு பந்தியில் பாயசம் வந்துவிடும், மறந்துவிடுவார்கள்.

அந்த கிட்டார் அவளுடைய அண்ணன் காஷிஃப் வாங்கியது. காலேஜ் நாளில் யாரிடமோ பழையதாக வாங்கி, மூன்று மாதம் தோளில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டு, சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனவன் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போனான். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலுதானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் புஷ்ரா வெளியே இழுத்தாள். பாவம். நாலு கம்பியும் நாலு இரும்புக் கயிறு என்று விரல் கொப்பளித்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் கீழ்ச்சுரம் தருகிற தடித்த கம்பியை, கீழ்க்கம்பியை, முதல்முறை தட்டியபோது அந்த ஒலி காதுக்குப் போகாமல் நேரே நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. பிறகு எங்கே விடுவது?

குழுவில் சேர்ந்த கதை இன்னும் வேடிக்கை. குழுவை நடத்திப் பாடவும் செய்கிற முருகையன் ஒருநாள் அமீன் கடையில் கவர் பார்த்துக்கொண்டே போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பேஸ் வாசிக்கிறவன் அன்றைக்குக் காலையில் கல்தா கொடுத்துவிட்டானாம். "இன்னா சார், பேஸா? எங்கூட்ல வாசிப்பாங்க" என்று அமீன் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. அன்று மாலை புஷ்ரா மேடையில் உட்கார்ந்திருந்தாள். அது நடந்து பதினொரு வருஷம்.

பதினொரு வருஷமும் ஒரு முள் மட்டும் உள்ளே கிடந்தது. கச்சேரி முடியும்போது முருகையன் மைக்கைப் பிடித்துக் குழுவை அறிமுகம் செய்வார். கீபோர்டு இன்னார், டிரம்ஸ் இன்னார், தபலா இன்னார், புல்லாங்குழல் இன்னார். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு கும்பிடு. கடைசியில் "மற்றும் குழுவினர்" என்பார். அந்த 'மற்றும்' யார்? புஷ்ராதான். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கண்ணில் பட்டவர்களைச் சொல்வார், காதில் தனியாக விழுந்தவர்களைச் சொல்வார். பேஸ் அவருக்குத் தனியாக விழவேயில்லை.

இந்த லட்சணத்தில்தான் ராம்குமார் புதுக் கீபோர்டு வாங்கினான். மயிலாப்பூர்ப் பையன், இருபத்தெட்டு வயது, கை வேகம் அசாத்தியம். அந்தக் கீபோர்டில் இடது கைப் பக்கத்தைப் பிரித்து பேஸ் சத்தம் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஒத்திகையில் விளையாட்டாக வாசித்துக் காட்டினான். முருகையன் புருவத்தைத் தூக்கினார். 

அதற்கு அடுத்த வாரமே தேனாம்பேட்டையில் ஒரு ரிசப்ஷன். பெரிய ஏசி மண்டபம், ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர். சாமான்களை மத்தியானமே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மாலையில் முதல் பாட்டைத் தொடங்கினால், புஷ்ராவின் கம்பிகள் கரகரவென்று இரைகின்றன! எங்கே விரலை வைத்தாலும் ஒரு தகரச் சத்தம். ராம்குமாரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, முதல் நாள்தான் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பதினொரு வருஷமாக உயரத்தில் இருந்த கம்பிகளைப் பார்த்துப் பார்த்துத் தாழ்த்திச் சரிசெய்திருந்தாள். அங்கே அது வெண்ணெயாகப் பேசியது. இங்கே என்ன வந்தது இதற்கு? சத்தத்தை அமுக்க ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழை முழுக்கத் திருகினாள். கரகரப்போடு இப்போது 'பொம்'மென்று ஒரு மூட்டமும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா மேடை வரை வந்து, "ஸ்பீக்கர் கிழிஞ்சிட்சா பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமான் ஏற்றும்போது முருகையன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா புஷ்ரா, இன்னா சத்தம் அது? மானம் போச்சு."

"தெரியலண்ணா. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு."

"நேத்து நல்லா இருந்து இன்னா பிரயோஜனம்? நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. அடுத்த மாசம் மைலாப்பூர்ல நம்ம பெரிய பார்ட்டி கல்யாணம் கீது. பாதி ப்ரோக்ராம் ராம்குமார் இடது கையில பேஸ் வாசிக்கட்டும். மீதி நீ வாசி. வித்தியாசம் தெரிஞ்சா நீ இரு. தெரியலன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ராம்குமார் பக்கத்தில் வந்து, "அக்கா, நானா கேக்கலை. அவரா சொல்றார். தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றான். நல்ல பையன்தான். நல்ல பையனாக இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அமீனிடம் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. "போனா போவுது விடு, உனுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு" என்றான் அவன், ஆறுதலாக.

"ரெஸ்ட்டா? யாருக்கு வேணும் ரெஸ்ட்டு? இந்த வீட்ல நான் உன் பொண்டாட்டி. யூனிட்ல நான் ஒரு ஊசி. அந்த மேடையிலதான் நான் நிக்கிற இடத்துல மத்தவங்க எல்லாம் ஏறி நிக்கிறாங்க. அது ஒருத்தருக்கும் தெரியலன்னாலும் எனக்குத் தெரியும். அதை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

 அதன் பிறகு ரெஸ்ட் என்ற சொல்லை அந்த வீட்டில் அமீன் உச்சரிக்கவில்லை.

கோளாறு கையில்தான் என்று புஷ்ரா முடிவு கட்டினாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மொட்டை மாடி. கையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்க வேண்டும். நடுவிரல் எப்போதும் கொஞ்சம் பலமாக மிதிக்கிறது என்று பதினொரு வருஷத்துக்கப்புறம் கண்டுபிடித்தாள். இரண்டும் ஒரே கனமாக ஒலிக்கும்வரை ஒரே கம்பியில் நடந்தாள். ஓரிடத்தில் ஊன்றி வைத்திருந்த கட்டைவிரலை அவிழ்த்துவிட்டு, அதையும் விரல்களோடு கம்பிக்குக் கம்பி இறங்கப் பழக்கினாள். வாசிக்கிற கம்பியைத் தவிர மற்ற மூன்றும் வாயைத் திறக்கக் கூடாது, கட்டைவிரல் அவற்றின் மேல் படுத்துக்கொள்ளும். இடது கை ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தப் பழகியது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் அந்த உலோகக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முழுசாக அழுத்தாமல் கம்பியைத் தொட்டுத் தட்டினால் சுரமில்லாமல் 'டக்'கென்று ஒரு தட்டு மட்டும் வரும். அந்தத் தட்டுகளைச் சுரங்களுக்கு நடுவே போட்டு வாங்கப் பழகினாள். அது கைவந்த அன்று காலையில் தானாகச் சிரித்தாள், எதிர் மாடியில் துணி உலர்த்திய பெண்மணி ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

கை தேறியது. சந்தேகமேயில்லை. ஆனால் ஒத்திகை அறையில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஆனால் அதே கரகர. புஷ்ராவுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஃப்ரெட்டையெல்லாம் அரம் போட்டுத் தேச்சிடலாம்மா" என்றார். ஒருதரம் தேய்த்தால் தேய்த்ததுதான், திரும்ப வளராது. அவள் அதற்கும் சரி என்று சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை யூனிட்டில் ஒரு கல்யாண ரவிக்கை. சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் மஹ்விஷ் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷமாக இவளோடு ஒரே சட்டத்தில் வேலை செய்கிறவள், வாய் ஓயாது. பத்தரை மணிக்குக் கீழே கடை திறந்து மாடிக்கும் சேர்த்து ஏசியைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மஹ்விஷ் துணியை விரலால் சுண்டினாள்.

"ஏசி போட்டுட்டாங்கடி. துணி விறைச்சிக்கினு கீது பாரு. கயிறைத் தளத்து, இல்லன்னா கிழிஞ்சிடும்."

புஷ்ரா கயிற்றைத் தளர்த்தக் கை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. தினமும் காலையில் கடற்காற்றின் ஈரத்தில் பட்டு தொய்யும், இழுத்துக் கட்டுவார்கள். ஏசி போட்டதும் காய்ந்து விறைக்கும், தளர்த்துவார்கள். ஒன்பது வருஷம், ஒருநாள் தவறாமல், இந்தக் கையால் செய்கிற காரியம். கிட்டார் கழுத்து என்ன கல்லா? அதுவும் மரந்தானே!

"அல்லா! நான் ஒரு மக்கு! மக்குலயும் வடிகட்டின மக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மஹ்விஷ் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். கிட்டாரின் கழுத்துக்குள்ளே ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் தலையை ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியால் முடுக்கினால் கழுத்து நிமிரும். தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு முன்னால் வளையும். கழுத்துக்குத் துளி வளைவு வேண்டும். வளைவே இல்லாவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும். வளைவு கூடினால் கம்பி உயரப் போய் விரலைக் கொன்றுவிடும். புஷ்ராவுக்கு இது தெரியாததல்ல. அவள் அந்த வேலையைக் கடலுக்கு அரை மைல் தூரத்தில், காற்றே நனைந்திருக்கிற மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தாள். வாசித்ததோ குளிர்ந்து காய்ந்த மண்டபத்தில். அங்கே மரம் ஈரத்தை விட்டது, கழுத்து நிமிர்ந்தது, கம்பி இடித்தது. கையைக் குற்றம் சொன்ன மூன்று வாரமும் அந்தக் கரகரப்பில் கைக்குப் பங்கே இல்லை.

அரத்துக்குப் பதிலாக அவள் ஒரு சமிக்கியை எடுத்தாள். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சமிக்கியைச் செருகிப் பார்ப்பாள். தொட்டும் தொடாமலும் நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் தண்டைக் கால் சுற்று தளர்த்து. இரண்டு சமிக்கி நுழைந்தால் கால் சுற்று முடுக்கு. எந்த இடத்தில் வாசிக்கப் போகிறோமோ அந்த இடத்துக் காற்றில், கிட்டார் சில மணி நேரம் கிடந்த பிறகு. ஒத்திகை அறையில் அப்படிச் செய்து வாசித்தாள். ஒரு கரகரப்பு இல்லை. மூன்று வாரம் பழகிய கை அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. ராம்குமார் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்தது சத்தம். கம்பிகள் வியர்வையும் எண்ணெயும் ஏறி மந்தமாகியிருந்தன. கழற்றிச் சுருட்டி, பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டாள். மாமியார் ஹாஜிரா பீ சமையலறைக்குள் வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஆட்டுக்கால் பாயா வேவுதுன்னு ஆசையா வந்தேன். கம்பியை வேகவெச்சிக்கினு கீறியேம்மா! இதுக்கு மசாலா எப்ப போடுவ?"

கால் மணி நேரம் கொதித்து, துடைத்து, காயவைத்துப் பூட்டியதும் கம்பிகள் புதுசுபோலப் பேசின. மெலடிப் பாட்டுக்கு அவ்வளவு மினுக்கம் வேண்டாம் என்று பட்டது. ரவிக்கைக்குள் வைத்துத் தைக்கிற பஞ்சு அட்டை யூனிட்டில் கிடந்தது. ஒரு துண்டு வெட்டி, கம்பிகள் முடிகிற அடிப்பக்கத்தில் கீழே செருகினாள். சத்தம் குட்டையாக, உருண்டையாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனி அடியாக விழுந்தது. வேண்டாதபோது உருவிக்கொள்ளலாம்.

கூட்டத்தில் கேட்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு ஒரு பரீட்சை வைத்தாள். வாசித்ததைப் போனில் பதிவுசெய்து அமீனுக்கு அனுப்புவாள். அவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் முழுக்க ரங்கநாதன் தெருவில் இறங்குகிற நேரத்தில், கடையில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கேட்டுவிட்டால் உலகத்தில் எங்கேயும் கேட்கும்.

முதலில் பேஸ் குமிழை முழுக்க ஏற்றி வாசித்ததை அனுப்பினாள். அமீன் போன் செய்தான்.

"ஒரு எழவும் கேக்கலம்மா. ஸ்பீக்கர் மட்டும் ஆடுது."

குமிழைப் பாதியாகக் குறைத்தாள். கொஞ்சம் தெரிகிறது என்றான். இன்னும் குறைத்து, நடுப்பகுதிச் சத்தத்துக்கான குமிழை ஏற்றினாள். வீட்டில் தனியாகக் கேட்டபோது அது அவளுக்கே பிடிக்கவில்லை, மூக்கால் பேசுவதுபோல இருந்தது. மனமில்லாமல்தான் அனுப்பினாள். ஐந்து நிமிஷம் கழித்து அமீன் கத்தினான்.

"கேக்குது புஷ்ரா! ஒவ்வொண்ணா கேக்குது! எதிர்ல நைட்டி விக்கிறவன் தாளம் போட்டுக்கினு கீறான்!"

பதினொரு வருஷமாகக் கனம் வேண்டும் கனம் வேண்டும் என்று ஏற்றி ஏற்றித் தன்னையே புதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். புஷ்ராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மயிலாப்பூர்க் கல்யாணம் வந்தது. குளத்துக்குப் பக்கத்தில் பழைய மண்டபம், அதை இடித்துப் புதுசாக ஏசி போட்டுக் கட்டியிருந்தார்கள். புஷ்ரா மத்தியானமே வந்து கிட்டாரை மேடையில் பெட்டியைத் திறந்து வைத்தாள். ஐந்து மணிக்கு சமிக்கியை எடுத்து அளந்தாள். கால் சுற்று தளர்த்தினாள். சரியாக நின்றது.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. பேசியபடி முதல் பாதி ராம்குமாரின் இடது கை. புஷ்ரா மேடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்கு ஒரு யுகம். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவன் நன்றாகவே வாசித்தான். குறை சொல்ல முடியாது. ஜனங்கள் கேட்டார்கள், கை தட்டினார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முருகையன் இரண்டு குத்துப் பாட்டு போட்டார், "வாங்கப்பா, ஆடுங்கப்பா" என்று கெஞ்சினார். நாலு குழந்தைகள் வந்து ஓடிப்பிடித்து விளையாடின, அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு அவர் திரும்பி, "வாம்மா" என்றார்.

புஷ்ரா கிட்டாரை மாட்டிக் கம்பியைத் தொட்டாள். பகீரென்றது. கம்பி உயரத்தில் இருக்கிறது! அவள் மண்டபத்தைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. ஐந்து மணிக்கு இங்கே காலி நாற்காலிகள். இப்போது எண்ணூறு பேர். பந்திக்குப் போகிற கதவு இரண்டும் ஒரேயடியாகத் திறந்து கிடக்கிறது, சாம்பார் வாசனையோடு வெளியே இருக்கிற புழுக்கமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஏசி பேருக்கு ஓடுகிறது. கழுத்து மறுபடி வளைந்துவிட்டது.

பழைய புஷ்ராவாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே வாசித்திருப்பாள். இவள் உட்கார்ந்தாள். எண்ணூறு பேருக்கு முன்னால் கிட்டாரை மடியில் கிடத்தினாள், பையிலிருந்து சமிக்கி டப்பியை எடுத்தாள்.

"இன்னா பண்ற?" முருகையனுக்கு வேர்த்துவிட்டது. "சமிக்கியா? இப்ப ரவிக்கையா தெக்கப் போற?"

"ரெண்டு நிமிஷம்ண்ணா. பேசிக்கினு இருங்க."

"இன்னாத்தப் பேசறது?"

"பொண்ணு மாப்ளயை வாழ்த்துங்க. நல்லா நீட்டி வாழ்த்துங்க."

அவர் மைக்கில் பதினாறு செல்வங்களையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். புஷ்ரா அளந்தாள். இரண்டு சமிக்கி தாராளமாக நுழைந்தது. ஆலன் கீயைப் போட்டுக் கால் சுற்று முடுக்கினாள். ஒன்று நுழைந்தது, இரண்டாவது முட்டியது. நாலு கம்பியையும் சுதி சேர்த்தாள். பஞ்சை உருவிப் பையில் போட்டாள். பேஸ் குமிழைக் குறைத்து நடுக் குமிழை ரங்கநாதன் தெரு அளவுக்கு ஏற்றினாள். எழுந்து நின்றபோது முருகையன் பதினொன்றாவது செல்வத்தில் இருந்தார்.

அவள் முதல் அடியைப் போட்டாள். ஒரே ஒரு சுரம், கீழ்க்கம்பியில். முன்வரிசையில் தாம்பூலப் பையைப் பிரித்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரல்கள் நடந்தன. இரண்டும் ஒரே கனம். சுரங்களுக்கு நடுவே 'டக் டக்'கென்று அந்தத் தட்டுகள், டிரம்ஸ்காரன் அவற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஓடி வந்தான். ராம்குமாரின் இடது கைக்கு விடுதலை. இரண்டு கையாலும் அவன் வலதுபக்கம் புகுந்து விளையாடினான். முதல் பாதி முழுக்க அவனுடைய வாசிப்பில் ஒரு கை குறைந்திருந்தது என்பது எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது பாட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் எழுந்தார்கள். மூன்றாவதில் பெண் வீட்டு அத்தைகள். பந்தியில் பாதி சாப்பாட்டில் இருந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தார்கள். நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கடைசிப் பாட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையிலிருந்து இறங்கிவிட்டார்கள். முருகையன் குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

சரணம் உச்சிக்கு ஏறுகிற இடம். முருகையன் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறார். புஷ்ரா அந்த இடத்தில் கையை எடுத்தாள்.

எட்டே எட்டு எண்ணிக்கை. கீபோர்டு ஓடுகிறது, டிரம்ஸ் ஓடுகிறது, குரல் இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்குக் காலடியில் தரை இல்லை. மாமா ஒருவர் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். முருகையன் கண்ணைத் திறந்து, பாடிக்கொண்டே, பதினொரு வருஷத்தில் முதல்முறையாக, கழுத்தை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தார்.

ஆறு, ஏழு, எட்டு. மேல்கம்பியின் உச்சியிலிருந்து சரசரவென்று இறங்கிக் கீழ்க்கம்பியின் அடியில் வந்து விழுந்தாள். மண்டபம் ஒரே கூச்சலாகக் குதித்தது. அந்தக் கூச்சல் அவளுக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. துப்பட்டா நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது முருகையன் மைக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஏம்மா நடுவுல நிறுத்தின? எனக்கு உசுரே போயிட்சு."

"தெரிஞ்சுதாண்ணா?"

அவர் அவளுடைய கிட்டாரைக் குனிந்து பார்த்தார். பிறகு, "நல்லாத் தெரிஞ்சுது தாயே" என்றார். "அடுத்த வாரம் அடையாறு. மத்தியானமே வந்துரு. அந்த டப்பாவையும் எடுத்துக்கினு வா."

பிறகு அறிமுகம். கீபோர்டு ராம்குமார் என்றார். ராம்குமார் எழுந்து கும்பிட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி புஷ்ரா பக்கம் காட்டிவிட்டு உட்கார்ந்தான். டிரம்ஸ், தபலா, புல்லாங்குழல். வாய் பழக்கத்தில் "மற்றும்" என்று தொடங்கியவர் அங்கேயே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மற்றும்னு ஒருத்தரும் கிடையாது. நம்ம பேஸ் கிட்டார், திருவல்லிக்கேணி புஷ்ரா!"

புஷ்ரா கும்பிடவில்லை. கீழ்க்கம்பியை ஒரு தட்டு தட்டினாள். நாற்காலிகள் அதிர்ந்தன. கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்த அமீன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.